தரகர் கோவிந்தனின் இரண்டாம் குரல்

1. எனக்கு வந்த போன்

கள்ளக்குறிச்சிக்கு வெளியே பைபாஸ் ஓரம் இருக்கும் ஒரு கல்லூரியில் எம்பிஏ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். பாடத்தின் பெயர் எமர்ஜிங் டிஜிட்டல் டெக்னாலஜிஸ். அதற்கு முன் பல வருடம் மார்க்கெட்டிங் எடுத்தேன். இந்த ஏஐ, பிளாக்செயின், ஐஓடி சமாச்சாரத்தை யார் தலையில் கட்டுவது என்று ஒரு மீட்டிங் போட்டார்கள். அந்த மீட்டிங்குக்கு நான் போகவில்லை. அதனால் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஒரு மதியம் ஸ்டாஃப் ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். முதலில் ஒரு செருமல் கேட்டது.

"வணக்கங்க மேடம். மேகலா அப்பா கோவிந்தன் பேசறேன். பாப்பா நல்லா படிக்குதுங்களா?"

"நல்லா படிக்கிறாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் கை சோற்றிலேயே நின்றது. என் மாணவி மேகலாவின் அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நானே போய்ப் பார்த்திருக்கிறேன். கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் ஈரத்துணி. இனிப் பேச்சு வராது என்று டாக்டர் என் எதிரில்தான் சொன்னார்.

"சாப்ட்டீங்களா மேடம்?" என்றது போன்.

பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை நான். இருந்தாலும் கட் பண்ணி, போனைக் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மேகலா வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மேம், கண்டுபிடிக்கவே இல்ல பாத்தீங்களா? அது பாட் மேம், தானா பேசற புரோகிராம். என் பிராஜெக்ட்டு."

"அடிப்பாவி" என்றேன்.

2. செருமல்

என் பாடத்தில் பரீட்சையைவிட பிராஜெக்டுக்குத்தான் மதிப்பு. நிஜமான ஒரு தொழிலை எடுத்துக்கொள், அதில் ஒரு டூலை ஓடவிட்டுக் காட்டு என்பது விதி. மற்றவர்கள் ரைஸ் மில்லுக்கு டேஷ்போர்டு, மளிகைக் கடைக்கு ஸ்டாக் ஆப் என்று வந்தார்கள். மேகலா அப்பாவின் தொழிலை எடுத்தாள். கோவிந்தன் மாட்டுத் தரகர். சின்னசேலம் பக்கத்துச் சந்தைக்குக் கரியாலூரிலிருந்து மலை இறங்கி வரும் மாடுகளுக்கு அவர்தான் ஆள். ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் போன் எடுக்க முடியவில்லை. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு தரகரிடம் போக ஆரம்பித்தார்கள். வீட்டில் வேறு வருமானம் கிடையாது.

அப்பா முன்பு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த வாய்ஸ் நோட்டுகளையெல்லாம் சேர்த்து, குரலை நகலெடுக்கும் ஒரு வாய்ஸ் குளோனிங் டூலுக்குக் கொடுத்திருந்தாள். பதில் யோசிப்பதற்குப் பின்னால் ஒரு லாங்குவேஜ் மாடல். யார் கூப்பிட்டாலும் அப்பாவின் போனில் ஆப்பே எடுத்து ஸ்பீக்கரில் பேசும். சொல்லி வைத்தால் அதுவே கூப்பிடவும் செய்யும். அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கலாம்.

வகுப்பில் டெமோ காட்டினாள். வழக்கமாக டெமோ நேரத்தில் பாதிப் பேர் ரீல்ஸ் பார்ப்பார்கள். அன்றைக்கு ஒரு பெஞ்ச் கூடக் கிரீச்சிடவில்லை. கடைசி வரிசையிலிருந்து தினேஷ் கேட்டான்.

"மேம், அது ஏன் பேசறதுக்கு முன்னாடி செருமிக்கினே இருக்குது?"

மேகலா திரையைப் பார்க்கக் குனிந்துகொண்டாள். நான்தான் சொன்னேன். பெரும்பாலான வாய்ஸ் நோட்டுகள் நோய் தொடங்கிய பிறகு பேசியவை. எது பேச்சு, எது நோய் என்று மாடலுக்குத் தெரியாது. கொடுத்த டேட்டாவில் இருந்ததை அப்படியே கற்றுக்கொண்டது. பாடமாகச் சொல்ல நல்ல உதாரணம்தான். ஆனால் டாக்டர் அறுத்து எடுத்துப் போட்ட நோய் அந்தக் குரலுக்குள் சௌக்கியமாக இருந்தது.

"ஃபில்டர் போட்டா போயிடும் மேம். ஆனா எடுத்தா அப்பா மாதிரி இல்ல" என்றாள் மேகலா.

3. காபி

இரண்டாவது ரிவ்யூவுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தொழில் நடக்கும் இடத்தைப் பார்க்காமல் நான் மார்க் போடுவதில்லை. கோவிந்தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கை கூப்பினார். டிவி பக்கத்தில் போன் சார்ஜில் கிடந்தது. அவர் மனைவி செல்வி அடுப்படியில் இருந்தார்.

"இன்னாங்க, மேடத்துக்கு காபியா, டீயா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் செல்வி.

கோவிந்தன் என்னைப் பார்த்துக் கையால் 'எது' என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் டிவி பக்கத்திலிருந்து ஒரு செருமல்.

"காபி போடு. சக்கர கம்மியா."

மேகலா என் காதருகே வந்து பெருமையாகச் சொன்னாள். "'இன்னாங்க'ன்னா அது எழுந்துக்கும் மேம். அம்மா அப்டித்தான அப்பாவக் கூப்புடுவாங்க. அதையே வேக் வேர்டா வச்சிட்டேன்."

உள்ளேயிருந்து மறுபடி குரல். "இன்னாங்க, நாளைக்கு சந்தைக்கு போவணுமா?"

கோவிந்தன் தலையை ஆட்டினார். வேண்டாம், முடியவில்லை என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினார். நான் மட்டும்தான் அதைப் பார்த்தேன்.

"போவணும். வெள்ளையன் மாடு எறக்கறான். காலைல எழுப்பு" என்றது போன்.

அவர் நாற்காலிக் கையைத் தட்டினார். டக் டக் என்று விடாமல் தட்டினார். செல்வி அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"சத்தம் போடாதீங்க. அவரு பேசறது கேக்கல!"

கோவிந்தனின் கை நின்றது. நாற்காலியில் இருக்கிறவரும் புருஷன், டிவி பக்கத்தில் இருக்கிறதும் புருஷன் என்றால், அந்த அம்மாள் யாரோடு குடித்தனம் நடத்துகிறார்? அவர் கொடுத்த காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

பஸ் ஏற்றிவிட வந்த மேகலாவிடம், முதலில் அந்த வேக் வேர்டை மாற்று என்றேன்.

"ஆபரேஷனுக்கு அப்பறம் எங்கம்மா இப்பதான் மேம் ஒழுங்கா சோறு துன்றாங்க" என்றாள்.

பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

4. சந்தை

மறுநாள் காலை நானும் சந்தைக்குப் போனேன். போன் போகச் சொல்லிவிட்டதால் கோவிந்தனும் மேகலாவோடு வந்திருந்தார். சட்டைப்பையில் அந்தப் போன். நாங்கள் போய்ச் சேரும்போதே ஒரே கூச்சல்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் கையைப் பிடித்து, விரலால் பேசுவார்கள். விற்கிறவன் கடைசியாக எதற்கு இறங்குவான் என்பது அவனுக்கும் தரகருக்கும் மட்டும் தெரியும். அதுதான் தரகரின் மரியாதை. மேகலா படித்தது எம்பிஏ. ப்ராம்ப்டில், அதாவது பாட் எப்படிப் பேச வேண்டும் என்ற கட்டளையில், 'விலை பற்றிக் கேட்டால் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்' என்று எழுதியிருந்தாள். கஸ்டமர் சர்வீஸ் பாடத்தில் நாங்கள் சொல்லிக்கொடுப்பது அதைத்தானே.

கரியாலூர் வெள்ளையன் தன் கடைசி விலையைப் போனில் 'கோவிந்தண்ணனிடம்' சொல்லி வைத்திருந்தார். வாங்க வந்த களமருதூர்க்காரர் அதே நம்பருக்குப் போட்டுக் கேட்டார். பாட் சொல்லிவிட்டது.

"உன்னாண்ட மட்டும் சொன்னதுண்ணே. இவன் நடுச்சந்தைல வாயாலயே சொல்றான்!" வெள்ளையன் கயிறு பிடித்த கையால் களமருதூர்க்காரரைக் காட்டினார்.

கோவிந்தன் இல்லை இல்லை என்று கையை ஆட்டினார்.

"கொரல் வந்துட்ச்சின்னு ஊரே சொல்லுது. இப்ப இன்னா ஊமையாட்டம் நிக்கற? பேசுண்ணே!"

"எங்கிட்ட பேசனாருப்பா. சாமி சத்தியமா பேசனாரு" என்று களமருதூர்க்காரர் அங்கேயே போன் போட்டார்.

கோவிந்தனின் சட்டைப்பை செருமியது.

"கோவிந்தன் பேசறேன். சொல்லுங்க."

உதடு மூடியபடி அவர் நின்றுகொண்டிருந்தார். குரல் அவர் நெஞ்சிலிருந்து வந்தது. கூச்சல் அப்படியே அடங்கியது. கயிறு விற்கிற அம்மாள் "முனீஸ்வரா" என்று மாராப்பை இழுத்து மூடிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர்கள் மாட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

வெள்ளையன் அந்தப் பையருகே குனிந்தார். "யார்ரா நீ?"

"நான்தாம்பா கோவிந்தன். பக்கத்துலதான் இருக்கேன். மாடு எறக்கிட்டியா?"

மேகலா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பையிலிருந்து போனை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"ஆஃப் பண்ணு மேகலா" என்றேன்.

"இன்னிக்கு ஆஃப் பண்ணா நாளைக்கு எங்கம்மா ஆன் பண்ணிடுவாங்க மேம். ஒரேயடியா அழிக்கணும். அழிச்சா எங்கப்பா இனிமே என்னக் கூப்புடவே மாட்டாரு மேம்..." அதற்குமேல் அழுகைதான். கையில் போன் மறுபடி செருமிக்கொண்டு, "சொல்லுப்பா, லைன்ல இருக்கியா?" என்றது.

கோவிந்தன் மகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். உதடுகள் அசைந்தன. சத்தமே இல்லை. அவள் புரியாமல் பார்த்தாள். அவர் மறுபடி, மெதுவாக உதட்டை அசைத்தார். மேகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையில் எதையோ அழுத்தினாள். குரல் பாதிச் சொல்லில் நின்றது.

வெள்ளையன் அன்றைக்கு மாட்டை விற்காமல் மலைக்கே ஓட்டிப் போனார். கோவிந்தனிடம் அவர் திரும்பி வரப் பல சந்தைகள் ஆயின. அந்தக் குரலை ஒரேயடியாக அழித்ததிலிருந்து செல்வி என்னிடம் பேசுவதில்லை. அவர் கோபம் நியாயம்தான் என்று எனக்குத் தோன்றும். மேகலாவுக்கு நான் நல்ல மார்க் போட்டேன். எது தப்பாய்ப் போனது என்று அவள் சமர்ப்பித்த ரிப்போர்ட் மாதிரி நேர்மையான ரிப்போர்ட் அதற்குப் பிறகு என் மேஜைக்கு வரவில்லை.

இப்போது பிராஜெக்ட் கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும், டூல் என்ன செய்யும் என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்கிறேன். இது யாருடைய இடத்தில் போய் உட்காரப்போகிறது, அந்த ஆள் இன்னும் அங்கேயே இருக்கிறாரா? சில மாணவர்கள், மேம் பழைய காலத்து ஆள் என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

சந்தையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் மேகலாவிடம், அப்பா உதட்டை அசைத்து என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"'என்னப் பாரு பாப்பா'ன்னாரு மேம்."

சந்தையில் அதுவரை அவர் முகத்தை நாங்கள் யாருமே சரியாகப் பார்க்கவில்லை. எல்லோரும் சட்டைப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.