கடலில் கழுவிய இசைத்தட்டு

நிலாவெளியைத் தாண்டும்போது பின்னால் வந்த இரண்டாவது பஸ்ஸையும் போகவிட்டேன். குச்சவெளியிலிருந்து வருகிற பஸ், மிதிபலகைவரை ஆட்கள். நடத்துநர் கையை நீட்டி, "ஏறுங்கோ, ஏறுங்கோ, உள்ளுக்கு இடம் கிடக்கு" என்றான். இடம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வெறுங்கையோடு என்றால் ஏறித் தொங்கியிருப்பேன். ஆனால் நெஞ்சோடு ஓர் இசைத்தட்டை அணைத்துக்கொண்டு போனேன், இடுப்பில் உடுத்துப் பழசான சாரம் ஒன்றில் சுற்றி. நெரிசலில் யாருடைய முழங்கையாவது பட்டால் அதோடு முடிந்தது.

காலையில் இறக்கக்கண்டியிலிருந்து புறப்பட்டிருந்தேன். திருகோணமலைத் துறைமுகத்தடிக்கு இன்னும் எட்டு ஒன்பது மைல் இருக்கும். நடை எனக்குப் புதிதில்லை. வெயில்தான் கவலை, அதுவும் எனக்காக இல்லை, தட்டுக்காக. நிழல் விழுகிற பக்கம் பார்த்து வீதியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மாறி மாறி நடந்தேன். அது ஏற்கெனவே வெயிலில் வளைந்த தட்டு. அதில் என்ன பாட்டு இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. எட்டு மாதமாகச் சுமந்தும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்க முடியுமா என்று சொல்லக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். என்னைவிடப் பத்து வயது இளமை. அதற்கு முந்திய வருடம் ஒரு தளபாடக் கடையில் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தபோது அவர் வீட்டுக்கு ஓர் அலுமாரி கொண்டுபோனோம். இறக்கி முடித்ததும் அவருடைய மனைவி தேத்தண்ணி தந்தார். மற்றவர்கள் லொறிக்குப் போய்விட்டார்கள். நான் விறாந்தையில் நின்று கோப்பையைக் காலிசெய்துகொண்டிருந்தபோது, உள்ளே அவர் சவுக்காரம் போட்டுக் கை கழுவுவது தெரிந்தது. சாப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் துவாயில் கையைத் துடைத்து, உறையிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். விரல் படாமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஓரத்தை மட்டும் பிடித்து. வெளிச்சத்தில் ஒருமுறை சரித்துப் பார்த்தார். பிறகு அதைச் சுழலவிட்டு, ஊசியை இறக்கிவிட்டு, அதற்கு நேரே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

அந்தக் கதிரைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. நான் பாட்டுக் கேட்காதவன் இல்லை. தேத்தண்ணிக் கடையில், பஸ்ஸில், கோயில் ஒலிபெருக்கியில், பக்கத்து மீன்வாடியின் றேடியோவில் கேட்டிருக்கிறேன். அதெல்லாம் வேறு வேலை செய்யும்போது காதில் விழுந்தது. பாட்டுக்கு முன்னால் கதிரை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கம் முடியும்வரை எதுவும் பேசாமல் இருந்த ஆளை அன்றுதான் பார்த்தேன். எட்டு மணித்தியாலம் உயரத்தில் கூண்டுக்குள் இருந்துவிட்டு வந்த மனிதர்.

என்னைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டார். மெஷினைக் காட்டினார். துறைமுக வீதியில் கண்டெய்னர் லொறி போனால் வீடு அதிரும், ஊசி துள்ளும். அதனால் மெஷினை ஒரு கனத்த சீமெந்துப் பலகையின் மேல் வைத்து, பலகையின் நான்கு மூலைக்கும் கீழே மோட்டார் சைக்கிள் டியூபை மடித்துக் கொடுத்திருந்தார். உப்புக் காற்றுக்காக, சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகளைச் சேர்த்து மூடிக்குள் போட்டிருந்தார். தட்டுகள் இருநூறுக்குக் குறையாது. கழுவி வெயிலில் காயவைத்த மீன் பெட்டிகளில் நிறுத்தி அடுக்கியிருந்தார். படுக்கவைத்தால் ஒன்றின் பாரம் ஒன்றை வளைக்குமாம். பழைய கடற்படை வீடுகளிலிருந்து வந்த ஆங்கில நடனப் பாட்டுகள், சிங்களம், ஹிந்தி, தமிழ், கப்பல்காரர் கொடுத்த ஏதேதோ மொழிகள். எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை.

அன்று ஒரு பெண்ணின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. தட்டு மெல்ல ஓய, குரல் தடித்துத் தடித்து, உறுமி நின்றது. குசினியிலிருந்து மனைவி சத்தம் போட்டார்: "பாவம், பொம்பிளையாத் தொடங்கி ஆம்பிளையா முடிச்சிட்டா!"

வெளியே லொறியின் ஹோன் அடித்தது. புறப்படும்போது, "வாற கிழமை வாறன்" என்று சொன்னேன். அந்த வாரமே கடையை விட்டு வேறு இடம் போய்விட்டேன்.

எனக்கு அது பழக்கம். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பள்ளிக்கூடத்தில்தான் இருந்தோம், அகதிகளாக. படிப்பு மட்டும் நடக்கவில்லை. அதன்பிறகு எந்த இடத்திலும் அதிக நாள் தங்கினதில்லை. ஒரு பையில் அடங்காத பொருளை வைத்திருந்ததும் இல்லை.

பிறகு நிலாவெளியில் ஒரு பழைய ஹோட்டலை இடிக்கும் வேலைக்குப் போனேன். அங்கே சாமான் அறையில் மூன்று தட்டுகள் கிடைத்தன. மேற்பார்வையாளர், "குப்பைக்குப் போறதுதானே, கொண்டுபோ" என்றார். அப்போதே கிரேன்காரரிடம் கொண்டுபோயிருக்கலாம். வாற கிழமை என்று சொல்லிவிட்டுப் போகாத வெட்கம் ஒன்று இருந்தது. தட்டுகளோடு இறக்கக்கண்டிக்குப் போய், கரைவலைக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியின் கடற்கரை வாடியில் வேலைக்கு நின்றேன்.

மாரி மழையில் வாடிக் கூரை ஒழுகியது. தட்டுப் பெட்டி நனைந்து, தட்டுகளில் பூஞ்சணம் பிடித்தது. வாடியில் எது அழுக்கானாலும் கடலில் அலசி வெயிலில் போடுவோம். வலை, சாரம், சட்டி, மீன், எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. தட்டுக்கும் அதையே செய்தேன். முழங்கால் தண்ணீரில் நின்று மூன்றையும் அலசினேன். நடுவில் ஒட்டியிருந்த பெயர்த் தாள் மூன்றிலும் கழன்று அலையோடு போனது. அப்போதும் எனக்கு யோசனை வரவில்லை. மீன் காய்கிற பாயில், மீனுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பரப்பினேன்.

சம்மாட்டி வந்து பார்த்து இடுப்பில் கையை வைத்தார். "இதென்ன சாதிக் கருவாடு? மற்றப் பக்கமும் பிரட்டிப் போடும், நல்லாக் காயட்டும்."

சொன்னபடி பிரட்டியும் போட்டேன்.

பின்னேரம் பார்த்தால் ஒன்று வாடிய வாழையிலைபோல மடிந்து கிடந்தது. மற்ற இரண்டும் தோணியின் நிழல் விழுந்த பக்கம் இருந்ததால் ஓரத்தில் மட்டும் நெளிந்திருந்தன. அந்த இரண்டையும் வாடிக்குள் சுவரோடு சாத்தி வைத்தேன். மறுநாள் கடலிலிருந்து வந்து பார்க்கும்போது அதில் ஒன்று அடுப்பில் இருந்தது. சோற்றுப் பானைக்கு மூடி. பானையின் வாயைக் கவ்வி, அதன் வடிவத்துக்கே இறங்கிவிட்டது.

சமையல்காரன் முகத்தில் குற்றமே இல்லை. "மூடி இல்லாமச் சோறு எப்பிடி வேகும்? வட்டமாக் கிடந்துது, மூடினனான். நடுவில ஓட்டை வேற, ஆவி போக."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சோறு கொஞ்சம் தார் மணத்தது, தின்றோம். ஆனால் அன்று படுக்கும்போது, மிஞ்சிய ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். இங்கே இருந்தால் இதுவும் போகும் என்று தெரிந்தது. மற்ற இடங்களை விட்டுப் போக எனக்குக் காரணமே இருந்ததில்லை. இதற்கு ஒன்று இருந்தது. விடிந்ததும் சம்மாட்டியிடம் சொல்லிவிட்டு நடந்தேன்.

கிரேன்காரர் வீட்டை அடைந்தபோது மூன்றரை மணி இருக்கும். மனைவி வாசலில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்கோ அண்ணை. வாற கிழமை வாறன் எண்டு போனனீங்கள். எந்தக் கிழமை எண்டு சொல்லேல்லைத்தான்."

"பிழைதான் தங்கச்சி."

அவர் உள்ளே திரும்பி, "இஞ்ச வந்து பாருங்கோ, அலுமாரி அண்ணை வந்திருக்கிறார்" என்றார்.

சாரத்தைப் பிரித்ததும் மனைவி குனிந்து பார்த்தார். "இது றெக்கோட்டா, அப்பளமா?"

கிரேன்காரர் சிரிக்கவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து, தட்டை ஓரத்தில் பிடித்து வாங்கினார். கண்ணுக்கு நேரே கிடையாக வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஓரத்தில் இரண்டு இடத்தில் நெளிவு. கோடுகளுக்குள் வெள்ளை வெள்ளையாக உப்பு.

"கடல்லயா கழுவினீங்கள்?"

"ஓம்."

"வெயில்லயும் போட்டீங்கள்?"

"ஓம். பிரட்டியும் போட்டனான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பார்கள். அவர் குசினிக்குப் போய், கொதித்தாறிய தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய பருத்தித் துணியால் கோடு போகிற திசையிலேயே துடைக்கத் தொடங்கினார். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். தண்ணீரை மூன்று தரம் மாற்றினார். தட்டை எட்டு மாதம் சுமந்த கதையைச் சொல்லிக்கொண்டு நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் பிழையைத் திருத்துகிற கை, தன் சொந்தப் பொருளுக்குச் செய்வதைப்போலவே செய்தது.

காய்ந்தபிறகு தட்டு கறுப்பாக மின்னியது. நெளிவு அப்படியே இருந்தது.

"ஓரத்தில ஊசி வைக்க ஏலாது" என்றார். "எத்தித் தள்ளும். ஊசியும் உடையும். உள்பக்கம் கொஞ்சம் மட்டமாக் கிடக்கு. கடைசிப் பகுதியை வேணுமெண்டால் பாக்கலாம்."

மனைவி வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். "அந்த ஊசி போச்சுதெண்டால், அடுத்த கப்பல்காரன் கொண்டுவருமட்டும் ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கொண்டு இருக்கலாம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடைகளில் கிடைக்காத ஊசி. ஒரு மாலுமியிடம் சொல்லிவைத்து, எட்டு மாதம் காத்திருந்து வாங்கியதாம். "வேண்டாம் தம்பி" என்றேன்.

"எட்டு மாசம் காவினீங்கள் எண்டு சொன்னீங்கள்தானே. நானும் எட்டு மாசம் காத்திருந்தனான். சரிக்குச் சரி" என்று சொல்லி, எனக்கு அந்தக் கதிரையைப் போட்டார்.

ஊசியை மிக உள்ளே, கடைசி விரல் அகலத்தில் இறக்கினார். ஊசி பூட்டிய மெஷின் கை படகுபோல ஏறி இறங்கியது, ஆனால் துள்ளவில்லை. முதலில் பொரிகிற சத்தம். பிறகு கிளாரினெட். பின்னால் ஒரு தபேலா. என்ன ராகம், எந்த நாட்டுக்காரர் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஏறிப் போன ஒரு வரி, திரும்பி வர மனமில்லாததுபோல மேலேயே சற்று நின்று, பிறகு இறங்கியது. ஒரு நிமிடம் இருக்காது. முடிந்ததும், இசை நின்ற அமைதிக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. யாரோ ஒரு கதிரையைப் பின்னுக்குத் தள்ளுகிற சத்தம்.

கிரேன்காரர் ஊசியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "கேட்டதா?"

"கேட்டது. ஆரோ எழும்பினது."

"வாசிச்ச ஆளாத்தான் இருக்கும். அதைக்கூடப் பிடிச்சு வைச்சிருக்கு, பாருங்கோ."

அந்த ஆள் எந்த ஊரில் எழும்பினாரோ, இப்போது உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. ஹோட்டல் குப்பை, மாரி மழை, கடல், கருவாட்டுப் பாய், எல்லாவற்றையும் தாண்டி அவருடைய கதிரை அந்தக் கோட்டுக்குள் இருந்தது. உப்பு அதைத் தின்னவில்லை. நான் மெஷினையும் மனிதரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொடக்கத்தில இருந்து முழுக்கக் கேக்கலாமா?" என்று கேட்டேன்.

"தடிச்ச கண்ணாடி ரெண்டு துண்டு வேணும். நடுவில இதை வைச்சு, காலைமை இளவெயில்ல கொஞ்ச நேரம், பிறகு உள்ளுக்கு வைச்சுப் பாரம் ஏத்த வேணும். அவசரப்படேலாது. பத்து நாளாவது செல்லும். நிமிரும் எண்டு சத்தியம் பண்ணமாட்டன்."

"விட்டுட்டுப் போங்கோ அண்ணை" என்றார் மனைவி. "வாற கிழமை வந்து கேக்கலாம்."

அவர் பகிடிக்குச் சொன்னது. நான் தோப்பூருக்குப் போய் அறுவடை வேலை தேடும் எண்ணத்தில் இருந்தேன். விட்டுவிட்டுப் போனால் தட்டு நிமிரும், அவர்கள் கேட்பார்கள், எனக்காகப் பத்திரமாக வைப்பார்கள். நான் வரமாட்டேன். விட்டுப்போன ஓர் இடத்துக்கும் நான் திரும்பி வந்தவனில்லை, அன்றைய பின்னேரம் தவிர.

அன்றிரவு விறாந்தையில் பாய் போட்டுத் தந்தார்கள்.

விடிந்ததும் கிரேன்காரர் வேலைக்குப் போகிற வழியில், சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணாடிக் கடையைக் காட்டிவிட்டுப் போனார். முதலாளி முஸ்லிம் மனிதர், தாடி நரைத்தவர். வெட்டிக் கழித்த துண்டுகள் சுவரோரம் சாத்தியிருந்தன. "பாத்து எடுங்க, கைய வெட்டும்" என்றார். தடித்தவையாக ஒரே அளவில் இரண்டைத் தெரிந்து, ஒவ்வொன்றாக, உள்ளங்கைகளுக்கு நடுவில் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி மேசையில் வைத்தேன்.

அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். "ஒரு விரல் அடையாளம் இல்ல. எங்க வேலை செஞ்ச நீங்க?"

"கண்ணாடி வேலை செய்யேல்லை முதலாளி. றெக்கோட் தூக்கின பழக்கம்."

"அது என்ன தொழில்?"

"தொழில் இல்லை."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "என்னோட நிண்ட ஆள் கைய வெட்டிக்கிட்டு வீட்ட கிடக்கான். நிப்பீங்களா?"

"பத்து நாள் நிப்பன்."

"பொறகு?"

"பிறகு ஒரு பாட்டுக் கேக்க வேணும். அதுக்குப் பிறகு சொல்லுறன்."

அவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் இரண்டு துண்டையும் கடதாசியில் சுற்றி ஒரு பக்கம் எடுத்து வைத்தார். முதல் வேலை, அடுத்த தெருவில் இருக்கிற சலூனுக்கு ஆளுயர முகம் பார்க்கும் கண்ணாடி. ஒரு பக்கத்தை முதலாளியின் மச்சான் பிடித்தார், மறுபக்கத்தை நான்.

"மெல்லமாப் போங்க" என்று முதலாளி பின்னால் நின்று சொன்னார்.

நான் மெல்லத்தான் போய்க்கொண்டிருந்தேன்.