மிஞ்சின களி

சித்தூரில் நாலு லாரியும் மாடி வீடும் என் சொந்த உழைப்பில் சம்பாதித்தவன் நான். படித்தது அஞ்சாவதுதான். போன ஞாயிறு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் திருமலைக்குப் போகிற வழியில் சொல்லாமல் நண்பர்களைக் கூட்டிவந்தான். எங்களோடு இருக்கிற மூத்த மருமகள் ராத்திரி மிஞ்சின கேழ்வரகுக் களியை உதிர்த்து, வெங்காயம், மிளகாய் போட்டுத் தாளித்தாள். அந்த வாசனை என்னை எங்கள் பழைய குடிசைக்கே இழுத்துப் போய்விட்டது.

எங்கள் வீட்டில் தினமும் நெல்லுச்சோறு என்று வகுப்பில் பீற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கூட்டாளி மணி திடுமென்று வந்து நின்றான். அம்மா பழைய களியை இதேபோல் தாளித்து அவன் முன் வைத்தாள்.

"துன்னு நைனா, சூடா கீது."

"இன்னாடா இது?" என்று மணி என்னைக் கேட்டான்.

நான் தட்டைப் பிடுங்கினேன். "நாய்க்கு ஆக்குனதுடா. அம்மா தெரியாம வச்சிடுச்சி."

எங்கள் வீட்டில் நாயே கிடையாது. அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆமா நைனா, மறந்துட்டேன்" என்றாள். அவன் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அதையே தின்றாள். 

"சூப்பரா இருக்கு அங்கிள், அண்ணிக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று மகனின் நண்பர்கள் கேட்டார்கள். எங்கள் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். பால் வாங்கி வருகிறேன் என்று தெருவில் இறங்கிவிட்டேன்.