லிவரை விட்டது நான்

யுத்த காலத்தில் பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு ரைஸ் மில்லில் சூப்பர்வைசராக இருந்தேன். பி.ஏ. படித்திருந்தேன். மில்லை ஓட்டிய டீசல் இன்ஜினைப் பற்றி அந்தப் படிப்பில் ஒரு வரிகூட வரவில்லை. முதலாளி என் தாய்மாமன் என்பதால் அது ஒரு குறையாகக் கருதப்படவில்லை.

இன்ஜினைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். டிரைவர் கைப்பிடியைப் போட்டுப் பெரிய சக்கரத்தைச் சுற்றுவார். இன்னொருவர் மேலே இருக்கும் லிவரைத் தூக்கிப் பிடித்திருப்பார். அப்படிப் பிடித்திருக்கும்வரை உள்ளே காற்று இறுகாது, சக்கரம் லேசாகச் சுற்றும். வேகம் வந்ததும் டிரைவர் "உடு" என்பார். லிவரை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். வேகம் வருமுன் விட்டால் சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பி அடிக்கும்.

மார்கழியில் எண்ணெய் கெட்டிப்பட்டுவிடும். நெல் அவிக்கிற அண்டாவிலிருந்து நாலு குடம் வெந்நீர் எடுத்து, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிற அறைக்குள் ஊற்றி, அதன் உடம்பு சுட்ட பிறகுதான் டிரைவர் கைப்பிடியைத் தொடுவார்.

ஒரு நாள் காலை, அண்டா அடுப்புக்குப் போடும் உமி நனைந்திருந்தது. அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை.

"தண்ணி காயட்டும் நைனா. குளுர்ல வெறச்சிகினு கீது. இப்போ எழுப்புனா கடிச்சிடும்," என்றார் டிரைவர். என்னைவிட இருபது வயது மூத்தவர்.

"மாமா எட்டு மணிக்கு வந்துடுவார். மில் நின்னா எனக்குத்தான் பேச்சு."

"மருமவனை இன்னா சொல்லப்போறாரு? திட்டு எனக்குத்தான். சரி, புடி."

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த பெண், "காலேஜு கை அண்ணாத்தே, நோவாம புடிக்கச் சொல்லு," என்றாள். இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அவர் சுற்றினார். சக்கரம் முனகிக்கொண்டு நகர்ந்தது. போதுமான வேகம் வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. அவர் "உடு" என்று சொல்லவில்லை. நான் விட்டேன். கைப்பிடி திரும்பி வந்து அவருடைய வலது முழங்கைக்குக் கீழே அடித்தது. அவர் தரையில் உட்கார்ந்தார். இன்ஜின் கிளம்பவில்லை.

மாமா வந்ததும், "யாரைக் கேட்டு விட்டே?" என்றார்.

"அவர்தான் விடச் சொன்னார்," என்றேன்.

டிரைவர் என்னைப் பார்த்தார். "சொல்லியிருப்பேன்," என்றார். மருமகனைப் பொய்யன் ஆக்கினால் மறுபடி அந்த மில்லுக்குள் வர முடியாது என்று அவருக்குத் தெரியும். அடுப்பருகே இருந்தவளை யாரும் கேட்கவில்லை.

எலும்பு முறிந்த கைக்குப் போட்ட புத்தூர் கட்டை அவிழ்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து டிரைவர் வந்தார். கை கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது.

"இவனை மறுபடி வெச்சுக்கலாமா? கூட நிக்கிறவன் நீதான், சொல்லு," என்றார் மாமா.

"அந்தக் கையால சக்கரத்தைச் சுத்த முடியாது மாமா," என்றேன். சுற்றிக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. தினமும் காலையில் அவர் முகத்துக்கு எதிரே லிவரைப் பிடித்து நிற்க எனக்கு இஷ்டமில்லை. காரணம் அவ்வளவுதான், இன்று எண்பது வயதில் அதற்கு மேல் கௌரவமான காரணம் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கையி நல்லாத்தான் கீது நைனா," என்றார், மாமாவிடம் அல்ல, என்னிடம். பிறகு அந்தக் கையாலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப்பாக்கம் பக்கமாக நடந்து போனார்.