ஆளுக்கு ஒரு கை

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம் என்று நாலைந்து பேர் கார்டு போட்டிருந்தீர்கள். காய்ச்சலா என்று ஒருவர். படிப்பை விட்டு ஓடிவிட்டீரா என்று இன்னொருவர்... இரண்டாமவர் உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டார்.

போன வாரம் நான் பீர்மேட்டில், ஒரு டீ எஸ்டேட் ஆபீசில், மானேஜர் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்காகச் சொல்கிறேன். நான் நாற்பதை நெருங்கும் ஒரு சயன்ஸ் வாத்தியார். ஸ்கூலில் இரண்டு வருஷம் லீவு வாங்கிக்கொண்டு முதுகலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். பாடம் — விஞ்ஞானக் கொள்கையும் புதுமை நிர்வாகமும். ஒரு புதுக் கருவி ஜனங்கள் கைக்கு எப்படி வந்து சேருகிறது, வரட்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள், வந்த பிறகு என்ன நடக்கிறது... இதையெல்லாம் ஆராய்வது.

ஊரில், மீனாட்சிபுரத்தில், என் மனைவி மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, ஒரு சாமான் நல்லா இருந்தா வாங்கிக்கறாங்க, இல்லீனா வேண்டாங்கறாங்க. இதுக்கு எதுக்குங்க ரெண்டு வருசம் படிக்கோணும்?"

எனக்கும் அப்போது பதில் தெரியாது.

படிப்பை முடிக்க ஓர் ஆய்வறிக்கை தர வேண்டும். நான் எடுத்துக்கொண்டது, கொழுந்து வெட்டும் கத்தரி. தேயிலைக் கொழுந்தைப் பெண்கள் கையால் கிள்ளித்தானே எடுக்கிறார்கள்? அதற்குப் பதில் கத்தரியால் வெட்டினால் வேலை சீக்கிரம் முடியுமா என்று அந்த எஸ்டேட்டில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் பரீட்சை வைத்துப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. கையால் எடுக்க மூன்று பெண்கள், கத்தரியால் வெட்ட மூன்று பெண்கள். சாயங்காலம் எடை. நோட்டில் எழுத வேண்டியது நான்.

கைக்காரர்கள் மூவரில் ஒருத்தி பாக்கியம். ஆறு வருஷமாக டெம்பரரி. பெர்மனென்ட் ஆனால்தான் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், தனக்கென்று ஒரு வீடு கிடைக்கும். அதுவரை அக்கா வீட்டு மூலையில் இரண்டு குழந்தைகளோடு ஒண்டிக்கொண்டிருக்கிறாள். கத்தரி வந்தால் முதலில் நிறுத்தப் போவது டெம்பரரிகளைத்தான். இதை எனக்குச் சொன்னது சூப்பர்வைசர். ஏதோ மழை வரும்போலிருக்கு என்பது மாதிரி சொன்னார்.

முதல் நாள் எடை போட்டோம். கை ஜெயித்தது.

இரண்டாம் நாளும் கையே ஜெயித்தது. அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. நான் சில்வர் ஓக் மர நிழலில் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அழகாக அட்டவணை எழுதினேன். மனுஷக் கை மெஷினை வென்றுவிட்டது என்று எனக்கு ஒரே பூரிப்பு. பாக்கியத்தின் வேலைக்கு ஆபத்தில்லை. என் அறிக்கைக்கும் நல்ல முடிவு. கையெழுத்துப் போட்டு, மானேஜருக்கும் ஒரு காப்பி கொடுத்தேன்.

மறுநாள் காலை மஸ்டரில் எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிறார்கள். சூப்பர்வைசர் வந்தார். வரும் திங்கள்கிழமை முதல், நாள் சம்பளத்துக்கு எடுக்க வேண்டிய எடை கூடுகிறது என்றார். பாக்கியம் எடுத்த அளவை ஒவ்வொருவரும் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அரை நாள் கணக்கு.

"சாரோட நோட்டுலயே இருக்கு. கையெழுத்தும் போட்டிருக்காரு" என்று என்னைக் காட்டினார்.

அத்தனை பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மத்தியானச் சோற்று நேரத்தில் பாக்கியத்தைத் தேடிப் போனேன். "ஏனுங்க, நீங்க ரெண்டு நாள் எடுத்ததை இவங்க எல்லாரும் எடுக்க முடியாதுங்களா?"

பாக்கியம் தூக்குவாளியை மூடி வைத்தாள். "நானே எடுக்க மாட்டேன் சார்."

"நோட்டுல இருக்குங்களே?"

"அது நான் ஒத்த ஆளா எடுத்ததில்ல. இங்க ஒரு வழக்கம் உண்டு. புள்ளத்தாச்சிக்கு எட கொறஞ்சா, காச்சக்காரிக்குக் கொறஞ்சா, பக்கத்து வரிசையில நிக்கிறவ ஆளுக்கு ஒரு கை கொழுந்து அவ கூடையில போட்டுட்டுப் போவா. யாரும் கேக்குறதுமில்ல, சொல்றதுமில்ல. கத்திரி வந்தா மொதல்ல போறது இவதானேன்னு, ரெண்டு நாளும் எங்க மூணு பேரு கூடையிலயும் போட்டுட்டாளுக சார். எனக்குப் போட்ட கை, இப்ப அவளுக தலையிலயே விழுந்துருச்சு."

என் பாடத்தில் பரீட்சை வைப்பது எப்படி என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஒப்பிடும் இரண்டு கூட்டத்தையும் மற்றவர்களிடமிருந்து தள்ளி நிறுத்த வேண்டும் என்பது அதில் முதல் பக்கம். ஸ்கூலில் பையன்களுக்கு நானே நடத்தியது. நானோ மர நிழலில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

இனி என்ன செய்வது? பேசாமல் இருந்தால், திங்கள்கிழமை முதல் அத்தனை பெண்களுக்கும் அரை நாள் சம்பளம். நடந்ததைச் சொன்னால் எடையில் ஏமாற்றினாள் என்று பாக்கியத்தின் சீட்டு அன்றே கிழியும். இரண்டுக்கும் நடுவே என் அறிக்கை. லீவு முடிய ஆறு வாரம்தான் பாக்கி.

சாயங்காலம் மானேஜர் அறைக்குப் போனேன். அவர் உற்சாகமாக இருந்தார். "நல்ல ஸ்டடி மாஸ்டர். இவங்க கை இவ்வளவு எடுக்கும்னா, இத்தனை வருஷம் நம்மள ஏமாத்தியிருக்காங்க."

"அந்தக் காப்பியைக் கொஞ்சம் கொடுங்க சார்" என்றேன்.

வாங்கி, அட்டவணையின் குறுக்கே கோடு போட்டேன். இந்தப் பரீட்சை செல்லாது, வரிசைகளைப் பிரித்து நிறுத்தாதது என் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"பிரிக்கலைன்னா? கொழுந்து கலந்துதா?"

"கலந்திருக்கலாம் சார்."

"யார் கலந்தது?"

"நான் பார்க்கவில்லை" என்றேன்.

பார்க்கவில்லைதான். காதில் விழுந்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கோடு போட்ட காகிதத்தை வைத்துக்கொண்டு யூனியன்காரர்கள் முன் எடையைக் கூட்ட முடியாது. அதுவும் அவருக்குத் தெரியும். "உங்களை நம்பினேன் பாருங்க... கொழுந்துச் சீசன் முடியுது. அடுத்த சீசன்ல பரீட்சையை நாங்களே வச்சுக்கிறோம். நீங்க நாளைக்கே கிளம்பலாம்."

எடை கூடவில்லை. பாக்கியத்துக்கு ஒரு சீசன் கிடைத்தது. என் நோட்டு வெறும் நோட்டாயிற்று.

மறுநாள் காலை பெட்டியோடு மஸ்டர் பக்கம் பஸ்ஸுக்கு நின்றேன். பாக்கியம் வந்தாள். பின்னாலேயே பத்துப் பதினைந்து பெண்கள்.

"சார் நோட்டுல எட கொறஞ்சு போச்சாமே" என்றாள். "எழுதுறதுக்குப் பேனா வச்சிருக்கியளா?"

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். கத்தரி முற்றின இலையையும் சேர்த்து வெட்டும், அதைப் பொறுக்கி எறிய இன்னொரு ஆள் வேண்டும் என்றாள் ஒருத்தி. பிடி ஆம்பளைக் கைக்குச் செய்தது, மத்தியானத்துக்குள் மணிக்கட்டு வீங்கும் என்றாள் அடுத்தவள். "சரிவுல ஏறயில ஒரு கை செடியப் பிடிக்கணும் சார். ரெண்டு கையிலயும் கத்திரி இருந்தா, வழுக்கினா எதப் பிடிக்கிறது?" என்றாள் மூன்றாமவள். சமதரையில் இருக்கும் செடிக்கு வேண்டுமானால் கத்தரி சரிப்படும், எந்தெந்தச் சரிவுக்கு ஆகாது என்று இடத்தின் பேரோடு சொன்னாள் பாக்கியம்.

வேலைச் சங்கு ஊதும் வரை எழுதினேன். பஸ்ஸை விட்டுவிட்டேன். இதையெல்லாம் அவர்களிடம் இதுவரை யாருமே கேட்டதில்லையாம். நானும் கேட்கவில்லையே... எடை மட்டும்தானே போட்டேன்.

நேற்று அறிக்கையின் முதல் பகுதியைப் புரொபசரிடம் கொடுத்தேன். எண்கள் உள்ள அட்டவணை ஒன்றுகூட இல்லை. புரட்டிக்கொண்டே போனவர் நிமிர்ந்தார். "ஒரே காலையில இவ்வளவு எப்படிய்யா சேர்ந்தது?"

"எனக்கு எடை குறைஞ்சிருந்தது சார். ஆளுக்கு ஒரு கை போட்டாங்க."