வைரஸ் ஏறாத கணினி

ரமீஸாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரும் காலைப் பேருந்தில் இடம் காலியாக இருந்தாலும் படியருகே நின்றுகொண்டுதான் வருவாள். பொன்னேரியில் மின்சார ரயில் பிடித்துக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினால், ஷேர் ஆட்டோ நிரம்பும் வரை காத்திருக்கப் பொறுக்காமல் சிப்காட் சாலையில் பாதித் தூரம் நடந்திருப்பாள். அவள் வேலை செய்த கம்பி ஆலையில் பதினோரு கணினிகள் இருந்தன. அவற்றைப் பழுதில்லாமல் ஓட வைப்பது அவள் பொறுப்பு. அது 2008ஆம் வருடம். அவளுக்கு இருபத்தேழு வயது.

கருவாடு ஏற்றுமதி செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். "பொம்பளப் புள்ள தொழிற்சாலைக்குப் போவுதே" என்று உறவில் பேச்சு வந்தபோது, அவளுடைய உம்மா பீவி ஜான் மட்டும், "போனா போவுது, ஊட்ல இருந்தா என் உயிரை வாங்குவா" என்று சொல்லி வழிவிட்டாள்.

அந்த வருடம் ஆலையை ஆட்டிவைத்தது பென் டிரைவில் வரும் ஒரு வைரஸ். திறந்து பார்த்தால் மஞ்சள் நிறக் கோப்புறை போலவே இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு தட்டு தட்டினால் முடிந்தது. அது கோப்புறையே அல்ல, அந்த வேஷம் போட்ட ஒரு நிரல். அடுத்த நிமிடமே கணினி மந்தமாகும், அதில் செருகுகிற ஒவ்வொரு பென் டிரைவிலும் தன் நகலைப் போட்டு அனுப்பும். விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய ஒன்பது கணினிகளும் மாறி மாறிப் படுத்தன. ரமீஸா ஒன்றை அழித்து மறுபடி ஏற்றி எழுந்திருப்பதற்குள் இன்னொன்று விழுந்திருக்கும்.

இரண்டு கணினிகள் மட்டும் தப்பின. ஒன்று, கடைசல் பட்டறையில் இருந்த பழைய விண்டோஸ் 98. அதில் பென் டிரைவ் செருகினால் என்னவென்றே அதற்குத் தெரியாது. மற்றொன்றில் ஓடியது விண்டோஸே அல்ல, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். தபாலில் இலவசமாக வந்த குறுந்தட்டை வைத்து, மேனேஜர் சுப்பராயனிடம் கெஞ்சி ஒரு கணினியில் ஏற்றியது அவள்தான். ஆலையின் வரைபடங்களும் சரக்குப் பட்டியல்களும் அதில்தான் இருந்தன. எல்லாக் கணினிகளிலிருந்தும் திறக்கக்கூடிய ஒரு பொதுக் கோப்புறையில் அவற்றை வைத்திருந்தாள். "இதுக்கு ஒண்ணும் ஆவாது சார்" என்று யார் கேட்டாலும் சொல்வாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு மிடுக்கு வரும்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை எடை மேடைக் கணினி நின்றுபோனது. எடை போடாமல் லாரி வெளியே போக முடியாது. மதியத்துக்குள் வரிசை வாசல் கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலை வரை நீண்டது. ஓட்டுநர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"யாரு பண்ண வேலை இது? எனக்குச் சாயந்தரத்துக்குள்ள எழுத்துல வேணும்" என்றார் சுப்பராயன்.

எடை மேடையில் வேலை பார்த்தவர் சடையப்பன். பொன்னேரிக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்காரர். கொஞ்சம் நெல் நிலம் உண்டு. தண்ணீர் சரியில்லாத வருடங்களுக்காகக் காண்ட்ராக்டில் இந்த வேலைக்கு வந்திருந்தார். கணினியின் பின்னால் அவருடைய பென் டிரைவ் செருகியபடியே இருந்தது. அதில் பாட்டுகள். அந்த வைரஸும் இருந்தது.

ரமீஸா ஒரு பக்க அறிக்கை அடித்தாள். எக்ஸ்பி கணினிகள் எத்தனை முறை விழுந்தன, 98 ஏன் விழவில்லை, லினக்ஸில் ஏன் ஏறவே ஏறாது என்றெல்லாம் எழுதி, கடைசி வரியில், "எடை மேடைக் கணினியில் சடையப்பன் என்பவரின் பென் டிரைவ் காணப்பட்டது" என்று முடித்தாள். அவர்தான் கொண்டுவந்தார் என்று அவள் எழுதவில்லை. ஆனால் படிக்கிறவருக்கு வேறு அர்த்தம் தோன்றாது. மறுநாள் காலை வாசலிலேயே சடையப்பனைத் திருப்பி அனுப்பினார்கள்.

அதன் பிறகு ஆலைக்குள் பென் டிரைவே கூடாது என்றானது. மூன்று வாரம் அமைதி. நான்காவது வாரம் கணக்குப் பிரிவில் ஒரு கணினி அதே மாதிரி படுத்தது. அடுத்து ஸ்டோர்.

அன்று மதியம் ரமீஸா கேன்டீனில் தட்டை வைத்துவிட்டு எழுந்து நடந்தாள். கணக்குப் பிரிவில் யாரிடமும் பென் டிரைவ் இல்லை, இணையமும் இல்லை. அப்படியானால் எந்த வழி? ஒவ்வொரு கணினியாகப் போய், "காலையிலருந்து எதையெல்லாம் தொறந்தீங்க?" என்று கேட்டாள். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: பொதுக் கோப்புறை.

அவள் தன் லினக்ஸ் முன் வந்து உட்கார்ந்தாள். வரைபடங்களுக்கு நடுவே, கோப்புறை வேஷம் போட்ட அந்தக் கோப்பு கிடந்தது. அவள் திரையில் அதன் வேஷம் பலிக்கவில்லை. வெறும் கோப்பாகத்தான் தெரிந்தது. இதற்கு முன்பும் அதைப் பார்த்திருக்கிறாள். இங்கே கிடந்தால் என்ன, இதனால் என் கணினியை என்ன செய்துவிட முடியும் என்று விட்டிருக்கிறாள். ஆனால் எக்ஸ்பியில் இருந்து அதே இடத்தைத் திறக்கிறவருக்கு அது மஞ்சள் கோப்புறையாகத் தெரியும். தட்டுவார்.

தேதியைப் பார்த்தாள். எடை மேடை நின்ற நாளுக்குப் பதினோரு நாள் முந்தையது. போட்டவர் பெயர் இருக்கும் இடத்தில் 'ரமீஸா' என்றிருந்தது. பொன்னேரி பிரவுசிங் சென்டரில் வரைபடங்களை இறக்கித் தன் பென் டிரைவில் எடுத்துவந்த நாள் அது. இந்தக் கணினிக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியத்தில் எதையும் பார்க்காமல் மொத்தமாக அள்ளிப் போட்டிருந்தாள். சடையப்பனின் பென் டிரைவில் அவள் அன்று பார்த்த நகலின் தேதியோ எடை மேடை நின்ற அதே நாள்; அப்படியானால், பொதுக் கோப்புறையைத் திறந்த எடை மேடைக் கணினியிலிருந்துதான் அது அவருடையதில் ஏறியிருக்கிறது.

சுப்பராயனிடம் நேரே போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"கிளீன் பண்ணிட்ட இல்ல? அத்தோட உட்டுடு."

"சார், அவரு பண்ணல சார். நான் பண்ணது."

"அந்த ஆளு போயி ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. இப்ப நீ கிளறினா உனக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு."

சடையப்பன் அத்திப்பட்டில் சாம்பல் லாரிகளுக்கு ஆள் பிடிக்கும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதாக வாசல் காவலாளி சொன்னார். அடுத்த விடுமுறையில் ரமீஸா ரயிலேறினாள். பெட்டி காலியாகக் கிடந்தும், மீஞ்சூர் தாண்டும் வரை இரண்டு கதவுகளுக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தாள். அனல் மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றும் இடத்தில் முகத்தில் துண்டு கட்டியிருந்த ஆட்களில் அவரை அடையாளம் காண நேரம் பிடித்தது.

"இன்னாமா, இங்க எங்க வந்துகினு கீற?" என்றார் அவர்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் துண்டை அவிழ்த்து உதறினார். புருவமெல்லாம் சாம்பல்.

"எக்ஸ்பியோ இன்னாவோ, அந்த எழவெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நான் பாட்டு கேட்டேன். கம்பெனில எத்தையோ திருடிட்டு மாட்டிகினான்னு ஊர்ல பேசிக்கிறாங்க. என் பொண்டாட்டி மொகத்த நான் நேராப் பாத்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுது."

"மன்னிச்சிடுங்கண்ணே. நான் மேனேஜர்கிட்ட மறுபடியும் பேசறேன்."

"மேனேஜர் கெடக்கட்டும். என் ஊட்டாண்ட வந்து சொல்லு. அவகிட்ட சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை போனாள். சடையப்பனின் மனைவி கல்பனா களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் உடன் இருந்தார்கள். ஊருக்கும் தெரியட்டும், அது நல்லதுதான் என்று ரமீஸா நினைத்தாள். கால்கள் மட்டும் ஒரு நிலையில் நிற்கவில்லை.

"அக்கா, அவரு எதையும் எடுக்கல. கம்ப்யூட்டருக்கு வர்ற ஒரு நோயி. அத கொண்டாந்தது நானு. என் கம்ப்யூட்டரு அதுல படுக்காது. அதனால எனக்குத் தெரியல. மத்ததெல்லாம் படுத்துச்சி. பழி இவரு மேல வுழுந்துச்சி."

கல்பனா காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே கேட்டாள்: "தெரியாம எழுதிக் குடுத்தியா, தெரிஞ்சிகினே குடுத்தியா?"

"தெரியாமத்தான். ஆனா சரியாப் பாக்காம."

"பாத்திருக்கணும் இல்ல?"

"ஆமா."

கல்பனா உள்ளே போய் ஒரு சொம்புடன் வந்தாள். தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொல்லவில்லை. வீட்டு வாசலில் நின்றிருந்த சடையப்பன் பக்கத்து வீட்டுக்காரர்களை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

திங்கட்கிழமை ரமீஸா இரண்டாவது அறிக்கை எழுதினாள். எந்தக் கணினிக்கு நோய் வரும், எதற்கு வராது என்ற பழைய பட்டியலின் கீழே, நோய் வராத கணினியே அதைச் சுமந்து மற்றவற்றுக்குக் கொடுக்கும் என்று சேர்த்தாள். எப்போது, யாரால் வந்தது என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சுப்பராயன் அதை மேசை இழுப்பறைக்குள் தள்ளினார். அவள் இன்னொரு பிரதி எடுத்து, கேன்டீன் வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். மதியச் சாப்பாட்டுக்குள் ஆலை முழுக்கப் படித்துவிட்டது.

அவளுக்கு மெமோ வந்தது; பதினைந்து நாள் பணியிடை நீக்கம். அந்தப் பதினைந்து நாளும் பழவேற்காட்டு வீட்டில் அலமாரிகளைக் கலைத்து அடுக்கியே உம்மாவைப் படுத்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது எடை மேடையில் சடையப்பன் இருந்தார். லாரி ஓட்டுநர்கள் கேட்டதால் அழைத்தார்கள் என்றார்கள் சிலர். காகிதம் பலகையில் இருந்ததால்தான் என்றார்கள் வேறு சிலர். அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சு வளரவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவள் திருவள்ளூரில் ஓர் அலுவலகத்துக்கு மாறினாள். அங்கேயும் யாராவது, "எந்த சிஸ்டம் போட்டா வைரஸ் வராது மேடம்?" என்று கேட்டால் பெயரைச் சொல்வாள். சொல்லிவிட்டு எழுந்து, அவர்கள் பொதுக் கோப்புறையில் என்ன கிடக்கிறது என்று தானே போய்ப் பார்ப்பாள்.