எலுமிச்சை பட்ட கையும் நீல விளக்கும்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் சின்ன மகன் எழுதுகிறான், நடுநடுவே சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

தொண்ணூறுகளில் நாங்கள் மைசூர் அக்ரஹாரத்தில் குடியிருந்தோம். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த சமயம், என் விரல்களில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. வெண்படை. அங்கே கன்னடத்தில் தொன்னு என்பார்கள், சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எங்கள் வழக்கத்தில், பிறந்த குழந்தையைத் தாயைப் பெற்றவள்தான் காலில் போட்டுக் குளிப்பாட்டுவாள். இந்தக் கையைப் பார்த்தால் சம்பந்தியம்மா குழந்தையைத் தருவாரா? அந்தப் பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. திட்டெல்லாம் பிறகு மெல்ல நிறம் திரும்பியது, அது வேறு கதை.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா விரலில் ஒரு மருந்தைத் தடவி, கொஞ்ச நேரம் உட்கார வைத்து, கையை ஒரு பெட்டிக்குள் நீட்டச் சொல்வார். உள்ளே நீலமாக டியூப்லைட் எரியும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. சினிமாக்காரி மாதிரி இருக்கிறேன் என்று நர்ஸ் கேலி செய்வாள். அப்புறம் வெயில் படக்கூடாது என்று கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடப்பேன். என்னம்மா திருடிக்கொண்டு போகிறீர்கள் என்று ஒரு கடைக்காரர் கேட்டே விட்டார்.

மருந்து இருந்தால் அம்மனை விட முடியுமா? வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் எலுமிச்சை விளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டேன். பழத்தை வெட்டி, சாற்றைப் பிழிந்து, மூடியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஓரிரு நாளில் விரலெல்லாம் கொப்புளம். திட்டு இல்லாத இடமும் வெந்திருந்தது. நோய் கை முழுக்கப் பரவுகிறது என்றே நினைத்தேன். மகள் கண்ணில் படாமல் கையை மறைத்து மறைத்துச் சமைத்தேன்.

டாக்டரம்மா, லைட்டுக்கு முன்னால் கையில் என்ன பட்டது என்று துருவித் துருவிக் கேட்டார். விளக்கு விஷயத்தைச் சொன்னதும் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"எலுமிச்சை சாறு பட்ட கையை அந்த லைட்ல வெச்சா வெந்துதாம்மா போகும். விளக்கு போட வேண்டாம்னு சொல்லல. பழத்தை வேற யாராவது பிழியட்டும்."

புண் ஆறும்வரை லைட் கிடையாது என்றார். இந்த வெண்படை ஒட்டுமா என்று கேட்டேன். என் கையை வெறுங்கையால் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரமே பேத்தி பிறந்தாள். தம் ஊரான ராமாபுரத்திலிருந்து சம்பந்தியம்மா பஸ் பிடித்து வந்துவிட்டார். குழந்தையைக் குளிப்பாட்டும் நேரம் வந்ததும் நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. அவரே உள்ளே வந்து என் கையைப் பார்த்தார்.

"இது ஒட்டுமாங்க?"

"வெண்படை ஒட்டாதுங்க. டாக்டரம்மாவே தொட்டாங்க. புண்ணுதான் எலுமிச்சையால வந்தது."

அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். அண்டாவில் வெந்நீர் கொதித்தது.

"புண்ணுல தண்ணி படக்கூடாதுங்க. நீங்க கால நீட்டி உக்காருங்க, நான் தேச்சு ஊத்தறனுங்க. புள்ளை கெடக்கப் போறது கால்மேலதானுங்க."

உட்கார்ந்தேன். என் காலில் குப்புறப் போட்டதும் குழந்தை வீறிட்டது. அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, யார் குளிப்பாட்டுவது என்று கேட்டாள். நான்தான் என்றேன். சம்பந்தியம்மா மறுக்கவில்லை, இன்னொரு சொம்பு ஊற்றினார்.