பின்னால் திருப்பிய நட்டு

1. ஏழுமலை தனியாக வந்தார்

அன்று நான் சென்டர் ஷட்டரைத் தூக்கும்போதே ஏழுமலை வாசலில் நின்றிருந்தார். வழக்கமாக மனைவி கலைவாணியை ஆட்டோவில் உட்கார வைத்து, வாக்கரை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு வருவார். அன்று ஆட்டோவும் இல்லை, கலைவாணியும் இல்லை.

"இன்னாங்க, கலை வரலையா?"

"வரல மேடம். நான் வந்தது அதுக்குத் தெரியாது. யூரியா வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

நான் பிசியோதெரபிஸ்ட். வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவதிலேயே என் சர்வீஸ் முழுக்கக் கழிந்திருக்கிறது. எங்கள் சென்டருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முழங்கால் வலி, முதுகு வலி, பக்கவாதம் என்று வருகிறவர்கள்தான். காலை நீளமாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு வருகிறவர்கள் அபூர்வம். அப்படி வந்த சிலரில் கலைவாணி ஒருத்தி.

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் கெடார் கிராமத்தில் அவர்களுக்குச் சொந்த நிலம். மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் போடுவார்கள். சின்ன வயதில் எலும்பில் சீழ் வைத்ததால் கலைவாணியின் இடது கால் வளர்ச்சி குறைந்து நின்றுவிட்டது. குட்டைக் காலோடே பள்ளிக்கூடம் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள், களை எடுத்தாள். அதை ஒரு குறையாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தபோது கால் மடங்கிக் கீழே விழுந்தாள். குழந்தைக்கு நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் ஆபரேஷன் பேச்சை எடுத்தாள். ஏழுமலை வேண்டாம் என்றார். அவள் கேட்கவில்லை.

ஆபரேஷன் புதுச்சேரியில் நடந்தது. கீழ்க்கால் எலும்பை அறுத்து, வெளியே இரும்பு வளையங்களை மாட்டி, கம்பிகளால் எலும்போடு இணைத்துவிடுவார்கள். வளையங்களுக்கு நடுவில் இருக்கும் நட்டுகளை வீட்டிலேயே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். எலும்பு மெல்ல விலகும், விலகிய இடத்தில் புது எலும்பு ஊறும். எலும்பு இப்படி நீள ஒத்துக்கொள்ளும். தசையும் நரம்பும் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ளாது. அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை.

ஏழுமலை பெஞ்சில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"நேத்து வாக்கர் புடிச்சிக்கினு கொல்லப்பக்கம் போச்சு மேடம். கால் செருப்பு வழியிலியே கழண்டு வுழுந்துடுச்சி. அதுக்குத் தெரியவே இல்ல. வெறுங்காலோட போய்க்கினே இருக்குது. கீழ முள்ளு வேற. காலு மரத்துப்போச்சான்னு கேட்டேன். மேடத்துக்கிட்ட சொன்னா உன்கூட பேசவே மாட்டேன்னு சொல்லுது."

நான் கைப்பையை உள்ளே வைக்காமல், அவருடைய வண்டியிலேயே ஏறிக் கெடாருக்குக் கிளம்பினேன்.

2. கட்டை விரல்

கலைவாணி கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் பார்வை நேராகக் கணவர் மேல் போனது.

"கலை, கட்டை விரலை மேல தூக்கு."

"தூக்கிட்டேனே மேடம்."

மற்ற விரல்கள் லேசாக அசைந்தன. கட்டை விரல் அப்படியே கிடந்தது. பாதத்தின் மேல்பக்கம் பஞ்சால் தொட்டேன். கண்ணை மூடிக்கொள், தொடும்போது சொல்லு என்றேன். தொடாதபோது "ஆங்" என்றாள், தொட்டபோது சும்மா இருந்தாள். குதிகாலும் தரையை விட்டு எழும்பத் தொடங்கியிருந்தது.

"எத்தினி நாளா இப்படி இருக்கு?"

மாமியார்தான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார். "ஒரு வாரமா சூடு தெரியலம்மா. வெந்நி ஒத்தடம் குடுக்கும்போது நான் கவனிச்சேன். சொல்லாதீங்க அத்தைன்னு என் கைய புடிச்சிக்கினு அழுவுது. நான் இன்னா பண்ணட்டும்?"

அங்கிருந்தே சர்ஜனுக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திருப்புவதை உடனே நிறுத்தச் சொன்னார். அதோடு நட்டைக் கொஞ்சம் பின்னாலும் திருப்ப வேண்டும் என்றார். எவ்வளவு என்று சொன்னார். மறுநாளே நேரில் வரச் சொன்னார்.

"பின்னாடியா?" என்றாள் கலைவாணி. "இவ்ளோ நாள் பல்ல கடிச்சிக்கினு தாங்குனதெல்லாம் பின்னாடியா?"

"கலை, நரம்பு இழுத்துக்கிட்டு இருக்கு. இப்ப விட்டா பாதம் தொங்கிப்போயிடும். அப்புறம் கால் எவ்வளவு நீளம் இருந்தும் தரையில தட்டிக்கிட்டே நடக்கணும்."

"எனக்கு இன்னும் கொஞ்சம்தான் மேடம் பாக்கி. அதான் சொல்லல. மொதல் நாளே நீங்க எல்லாரும் சொன்னீங்க, மரத்துப்போச்சுன்னா நிறுத்திடுவோம்னு. நிறுத்திடுவீங்கன்னு தெரிஞ்சிக்கினு யாராவது வந்து சொல்லுவாங்களா?"

ஏழுமலை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் குந்தினார். தினமும் அவர்தான் திருப்புவார். அன்று நட்டில் ஸ்பேனரை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்னால முடியல மேடம். முன்னாடி திருப்பும்போது அது வலியில கத்தும், இருந்தாலும் திருப்பிடுவேன். இது முடியல."

கலைவாணி கையை நீட்டினாள்.

"குடுங்க."

வாங்கிக்கொண்டு அவளே குனிந்து திருப்பினாள். ஒவ்வொரு நட்டாக. நான் எந்தப் பக்கம் என்று மட்டும் சொன்னேன். முடித்ததும் ஸ்பேனரைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

3. காத்திருந்த மாதங்கள்

இதற்குப் பிறகு நடந்ததில் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இந்த வேலையில் பெரும்பகுதி அதுதான்.

நீளமாக்குவதற்கு ஆகும் காலத்தைவிட, ஊறிய எலும்பு இறுகுவதற்கு ஆகும் காலம் அதிகம். அதுவரை வளையங்களைக் கழற்ற முடியாது. சர்ஜன் பாதத்துக்கு அடியில் ஒரு தகடு வைத்து வளையத்தோடு கட்டிவிட்டார், குதிகால் மேலே போகாமல் இருக்க. நான் வாரத்தில் சில நாள் கெடாருக்குப் போனேன், சில நாள் அவர்கள் வந்தார்கள். முழங்காலை நீட்டுவது, ஆடுசதையை இழுப்பது, வாக்கரோடு அந்தக் காலில் பாரம் போட்டு நடப்பது. பாரம் போட்டால்தான் எலும்பு இறுகும். அவளுக்கோ அந்தக் காலைத் தரையில் ஊன்றவே மனசு இல்லை. நான் சொன்னதைச் செய்வாள். சொன்னதோடு நிறுத்திவிடுவாள்.

மழைக்காலத்தில் ஒரு கம்பி இறங்கிய இடத்தில் சிவந்து நீர் கோத்தது. காய்ச்சல் வந்தது. மறுபடியும் புதுச்சேரி, மறுபடியும் ஊசி. அந்த முறை அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. சிவந்த அன்றைக்கே எனக்குப் போட்டோ அனுப்பிவிட்டாள். அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

கணவரோடு பேச்சு இல்லை. சாப்பாடு வேண்டுமா என்று மாமியார் வழியாகக் கேட்பாள். அவரும் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் என்னை வண்டியில் விழுப்புரத்தில் கொண்டுவந்து விட்டபோது சொன்னார்: "பேசாட்டி பரவால்ல மேடம். விரலு வந்துட்டா போதும்."

விரல் வரவில்லை. நரம்பு மெதுவாகத்தான் மீளும், சிலருக்கு முழுதாக மீளாமலும் போகலாம் என்று இருவருக்கும் சொல்லியிருந்தேன். சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பஞ்சை எடுக்கும்போது எனக்கே கை தயங்கும்.

ஒரு காலை, ரயில் மயிலம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. போன் அடித்தது. வீடியோ கால். எடுத்தால் முதலில் ஓட்டுக் கூரை தெரிந்தது, பிறகு மல்லாட்டை மூட்டைகள், பிறகு யாருடைய புடவையோ.

"மேடம், தெரியுதா மேடம்?"

"ஒண்ணும் தெரியலம்மா, போனைக் கீழ காட்டு."

"ஏங்க, கீழ காட்டுங்கன்றாங்க. கீழ! ஜல்தி!"

போனைப் பிடித்திருப்பது ஏழுமலை என்று அப்போதுதான் புரிந்தது. அவரைத்தான் அவள் அதட்டிக்கொண்டிருந்தாள். கம்பிகளுக்கு நடுவே பாதம் தெரிந்தது. கட்டை விரல் ஒரு துடிப்புத் துடித்து நின்றது. பிறகு மெல்ல மேலே எழும்பி விழுந்தது.

"இன்னொரு தபா," என்றேன். என் குரல் பெட்டி முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கால் வெரல பாத்துக்கினு அழுவுறீங்க?"

சொன்னேன். அவர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "நல்லா ஆட்டு கண்ணு, இன்னும் நல்லா ஆட்டு" என்று கத்தினார். எதிர் சீட்டில் இருந்த ரெண்டு பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

4. கழற்றிய பிறகு

வளையங்களைக் கழற்றிய பிறகு அளந்தோம். இடது கால் இன்னமும் ஒரு விரல் அகலம் கட்டைதான். செருப்புக்கு உள்ளே ஒரு தடித்த அட்டை வைத்தால் சரியாகிவிடும். பாதம் நன்றாகத் தூக்குகிறது. விரலிடுக்கில் ஓர் இடத்தில் மட்டும் இன்றும் உணர்ச்சி மந்தம்தான்.

கடைசியாக சென்டருக்கு வந்த அன்று, ஏழுமலை வெளியே டீ குடிக்கப் போயிருந்தபோது அவளிடம் கேட்டேன், மிச்சத்தை மறுபடி செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று.

"வேணாம் மேடம்." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அவரு அன்னிக்கி உங்ககிட்ட வந்து சொன்னதுக்கு எனக்கு எவ்ளோ கோவம் தெரியுமா. என் கால், என் வலி, இவரு யாரு சொல்றதுக்குன்னு. இப்ப யோசிச்சா, அவரு யூரியா வாங்கப் போறேன்னு நிஜமாவே யூரியா வாங்கப் போயிருந்தா நான் எங்க இருப்பேன்?"

"அவர்கிட்ட இதைச் சொன்னியா?"

"சொல்லணும்," என்று சிரித்தாள். "இப்பவே சொன்னா ரொம்ப தலைக்கு ஏத்திக்கினு ஆடுவாரு."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். கால் எவ்வளவு நீண்டது என்பதை எக்ஸ்ரே காட்டிவிடும். மரத்துப்போனதை மறைக்கிறவர்களை அது காட்டிக்கொடுக்காது. இப்போதெல்லாம் நான் முதல் நாளே, "மரத்துப்போனால் நிறுத்திவிடுவோம்" என்று சொல்வதில்லை. "மரத்துப்போனால் அன்றைக்கே சொல்லுங்கள், அப்போதுதான் இதுவரை நீண்டதைக் காப்பாற்றலாம்" என்கிறேன். அர்த்தம் ஒன்றுதான். ஆனால் கேட்கிறவருக்கு அது ஒன்றல்ல. கூட வருகிறவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

அன்று நானும் அவர்களோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். கெடார் பஸ் கூட்டமாக வந்து நின்றது. ஏழுமலை முண்டியடித்து ஏறி ஜன்னலோர சீட்டில் துண்டைப் போட்டார். கலைவாணி அவசரப்படவில்லை. ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும் என்றுதான் நாங்கள் சொல்லிக்கொடுப்போம். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலைத் தூக்கிப் படியில் வைத்து ஏறினாள்.